குத்துச்சண்டையை வாசிப்பது: வாசிகசாலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் வாசிகசாலையில் சில ஞாயிறு பின்னேரங்களில் ஐந்தாறு பேர் கூடி, விளையாட்டைப் பற்றிய நல்ல எழுத்துகளை உரத்து வாசிப்போம். துடுப்பாட்டத்தில் தொடங்கி, எப்படியோ குத்துச்சண்டைக் கட்டுரைகளில் வந்து நின்றுவிட்டோம். முன் விறாந்தையில் கரம் அடிக்கும் பெடியள் முதல், பேப்பர் பார்க்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார்மார் வரை எல்லோரும் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது சுகம் என்று பட்டது.

நான் ஒரு குத்துச்சண்டைப் போட்டிகூட நேரில் பார்த்ததில்லை. எனக்கு இதில் என்ன இருக்கிறது?

எங்களில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் மைதானம் என்றால் உதைபந்தாட்டம். மார்ச் மாதம் பிறந்தால் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் துடுப்பாட்டத்தில் மோதும் வடக்கின் பெரும் போர். குத்துச்சண்டை பெரும்பாலும் தெற்கில் வளர்ந்த விளையாட்டு. 1938இல் சிட்னியில் நடந்த எம்பயர் விளையாட்டு விழாவில் (இன்றைய கொமன்வெல்த் விளையாட்டு) பார்னி ஹென்ரிகஸ் இலங்கைக்குத் தங்கம் வென்று கொடுத்தது குத்துச்சண்டையில்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

விதிகள் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1867இல் குயின்ஸ்பெரி பிரபுவின் பெயரில் வந்த விதிகளின் சாரம்தான் இன்றும் நடக்கிறது. சுற்றுக்கு மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழும்ப வேண்டும், கையுறை கட்டாயம். இவ்வளவு போதும். எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று ஒருவருக்கு விளங்கப்படுத்திப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு லேசு என்று தெரியும்.

ஏன் குத்துச்சண்டை? உதைபந்தாட்டத்தைப் பற்றி இப்படி எழுத ஏலாதா?

ஏலும், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் எழுதுகிறவனுக்குக் குத்துச்சண்டை சில வசதிகளைச் செய்து கொடுக்கிறது. இருபத்திரண்டு பேரையும் ஒரு பந்தையும் கண்ணால் துரத்த வேண்டியதில்லை. இரண்டே பேர், ஏறக்குறைய இருபதடிச் சதுரம், வெளிச்சம் முழுக்க அவர்கள் மேல். பத்திரிகைக்காரர்கள் மேடையின் விளிம்போடு ஒட்டி இருப்பார்கள். மேலே சண்டை பிடிப்பவர் மூச்சு வாங்குவது அவர்களுக்குக் கேட்கும்.

அதைவிட முக்கியம் அந்த ஒரு நிமிட ஓய்வு. மணி அடித்ததும் மூலையில் ஒரு சின்ன முக்காலி வரும். ஒருவர் பல் காப்பை வாயிலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசுவார். இன்னொருவர் புருவத்து வெட்டில் பஞ்சுக் குச்சியால் மருந்தை அழுத்துவார். கண்ணடி வீங்கியிருந்தால் குளிர வைத்த இரும்புத் துண்டை அதன் மேல் வைத்து அமத்துவார்கள். குத்து வழுக்கிப் போகட்டும் என்று முகத்தில் வாசலின் பூசுவார்கள். இவ்வளவுக்கும் நடுவில் பயிற்சியாளர் முகத்தோடு முகம் வைத்துக் கதைத்துக்கொண்டிருப்பார். அப்போது வீரர் அவருடைய முகத்தைப் பார்க்கிறாரா, அல்லது தோளுக்கு மேலால் எதிர் மூலையைப் பார்க்கிறாரா? நல்ல கட்டுரையாளர் அதைக் கவனிப்பார். அடுத்த மூன்று நிமிடம் எப்படிப் போகும் என்று ஊகிக்க அவருக்கு அந்தப் பார்வையே போதும்.

சாட்டுச் சொல்லவும் இடமில்லை. உதைபந்தாட்டத்தில் தோற்றால் காற்று, மைதானத்துக் குழி, மத்தியஸ்தர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இங்கேயும் மத்தியஸ்தரைத் திட்டலாம்தான், ஆனால் வீங்கிய கண்ணுக்கு அவர் பொறுப்பில்லை.

யூடியூப்பில் முழுச் சண்டையும் கிடக்கிறதே. பிறகு எதற்கு வாசிக்க வேண்டும்?

கரம் அடிக்கும் பெடியள் கேட்ட கேள்வி. பாருங்கள் தம்பிமார், தாராளமாகப் பாருங்கள். பார்த்துவிட்டு வாசியுங்கள், அப்புறம் இன்னொரு தரம் பாருங்கள்.

1974 ஒக்ரோபர் 30, சயீர் (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டுக் கின்ஷாசா நகரம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தோதாக அதிகாலை நாலு மணியளவில் சண்டை. உலகச் சம்பியன் ஜோர்ஜ் போர்மனுக்கு 25 வயது. அதுவரை 40 போட்டி, நாற்பதிலும் வெற்றி, அதில் 37 நொக்கவுட். முகம்மது அலிக்கு 32. இரண்டாம் சுற்றிலிருந்து அலி கயிற்றில் போய்ச் சாய்ந்து நிற்கிறார், போர்மன் சாத்து சாத்தென்று சாத்துகிறார். படத்தை மட்டும் பார்த்தால், வயது போன ஒருவர் அடிவாங்கிச் சாகப் போகிறார் என்றுதான் தோன்றும். அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீகூடக் கயிற்றை விட்டு வெளியே வா என்று கத்தினார்.

மேடையோரத்தில் இருந்து எழுதியவர்களை வாசித்தால் வேறொரு சண்டை தெரியும். குத்துகளில் பெரும்பங்கு அலியின் கைகளிலும் தோள்களிலும் விழுகிறது. தலை கயிற்றுக்கு வெளியே பின்னால் போய் வருகிறது. இடையிடையே போர்மனின் பின்கழுத்தைப் பிடித்து அமத்துகிறார், காதுக்குள் ஏதோ சொல்லிச் சீண்டுகிறார். போர்மனின் கை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பிந்தி வருகிறது. எட்டாம் சுற்று முடியும் தறுவாயில் அலி கயிற்றை விட்டுக் கழன்று, அடுக்கடுக்காய்க் குத்த, போர்மன் அரைவட்டமாகச் சுழன்று விழுகிறார். இதையெல்லாம் வாசித்த பிறகு படத்தைப் போட்டால், முதல் தரம் கண்ணில் படாத அந்தப் பிந்தல் நன்றாகத் தெரியும். கமரா எல்லாவற்றையும் காட்டும், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்லாது.

தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த 1950களிலேயே அமெரிக்க எழுத்தாளர் லீப்லிங் இதைப் பற்றிக் குறைப்பட்டிருக்கிறார். வீட்டில் இருந்து பார்த்தால் வீரருக்குப் புத்தி சொல்ல முடியாது என்பது அவருடைய பெரிய கவலை. எங்கள் ஊர் மைதானக் கரையில் நின்று, ‘டேய், வலப் பக்கம் குடுடா’ என்று தொண்டை கிழியக் கத்தும் அண்ணைமாருக்கு இது உடனே விளங்கும்.

முடிவு தெரிந்த பிறகு என்ன சுவை இருக்கும்?

கந்தசஷ்டியில் சூரன்போர் பார்க்கப் போகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சூரனுக்குத் தலை மாறும், யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும், மாமரமாக நிற்பான், கடைசியில் சேவலும் மயிலும் ஆவான். கந்தபுராணத்தில் கச்சியப்பர் எழுதிவைத்த முடிவை ஒருவரும் மாற்றப்போவதில்லை. ஆனாலும் இந்த முறை சூரனைத் தூக்குகிற பெடியள் எப்படி ஆட்டுகிறார்கள், எவ்வளவு தூரம் பின்னால் ஓடித் திரும்பி வருகிறார்கள் என்று பார்க்கச் சனம் நெரிபடுகிறது. போன வருடத்துச் சூரனோடு ஒப்பிட்டு வீதியில் விவாதமும் நடக்கும்.

முடிவு தெரிந்தபின் எழுதுவதில் ஒரு சுதந்திரமும் இருக்கிறது: கதையை எங்கே தொடங்குவது என்பது எழுதுகிறவன் கையில். 1975 ஒக்ரோபர் 1 அன்று மணிலாவில் அலியும் ஜோ பிரேசியரும் மோதினார்கள். பதினான்கு சுற்று முடிந்தபோது பிரேசியரின் வலது கண் வீங்கி மூடிவிட்டது. இடது கண்ணில் முன்பே பார்வைக் குறைவு. பதினைந்தாம் சுற்றுக்கு அவரை விட மாட்டேன் என்று பயிற்சியாளர் எடி ஃபட்ச் நிறுத்திவிட்டார். அலி வென்றார். மறுநாள் உலகம் முழுக்க இது செய்தி.

அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேட்டட் இதழுக்கு எழுதிய மார்க் கிராம் இதைப் பற்றிய கட்டுரையை முதல் மணியில் தொடங்கவில்லை, சண்டை முடிந்த இரவில் தொடங்குகிறார். ஒரு பக்கம் ஜனாதிபதி மாளிகை விருந்து. வென்ற அலியை ஜனாதிபதியின் மனைவி இமெல்டா மார்க்கோஸ் கைபிடித்துப் படியேற்றிச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகிறார், அலியால் முள்ளுக்கரண்டியைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. இன்னொரு பக்கம் அரை இருட்டு அறை, கட்டிலில் பிரேசியர். ஒரு நண்பர் கிட்டப் போகிறார். யார் அது, எனக்குத் தெரியவில்லை, விளக்கைப் போடுங்கள் என்கிறார் பிரேசியர். இன்னொரு விளக்கையும் போடுகிறார்கள். அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. இதை வாசித்த பிறகுதான் கட்டுரை சண்டைக்குள் போகிறது. யார் வென்றார் என்பது அதற்குள் உங்களுக்கு ஒரு பொருட்டாக இராது, இந்த இரண்டு பேரும் எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் மனம் அந்தரப்படும். எங்கள் வாசிப்பில் இந்த இடம் வந்தபோது கரம் சத்தமும் நின்றுவிட்டது.

அடியும் இரத்தமும் நேரிலேயே கண்ட சனம் நாங்கள். இதை வேறு இரசிக்க வேண்டுமா?

இது ஒரு அம்மா கேட்ட கேள்வி. இந்தப் பக்கத்தில் இருப்பவற்றில் கனமான கேள்வி இதுதான்.

குத்துச்சண்டை நல்ல விளையாட்டு என்று நான் வாதாட வரவில்லை. 1962 மார்ச் 24 அன்று நியூயோர்க்கில் எமில் கிரிஃபித்தோடு மோதிய பென்னி பரெட், பன்னிரண்டாம் சுற்றில் மூலையில் அகப்பட்டுக்கொண்டார். மத்தியஸ்தர் உள்ளே நுழைந்து தடுப்பதற்குள் எண்ண முடியாத அளவு குத்து. பத்து நாளில் பரெட் இறந்துபோனார். 1982இல் தென்கொரிய வீரர் கிம் டுக் கூ, ரே மன்சினியோடு மோதி மயங்கிச் சில நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறையத் தொடங்கின. அலிக்கு 1984இல் பார்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். அவர் 2016இல் இறக்கும் வரை அந்த நடுக்கத்தை உலகம் பார்த்துக்கொண்டே இருந்தது.

நல்ல குத்துச்சண்டை எழுத்து இவற்றை ஒளிக்காது. மோசமான எழுத்துத்தான் வீரம், வெறித்தனம், தாண்டவம் என்று சொற்களைக் கொண்டுவந்து கொட்டி, அடிபட்ட உடம்பை அதற்குக் கீழே மூடிவிடும். அப்படி மூடும் எழுத்தை நாங்கள் வேறு இடங்களிலும் நிறைய வாசித்திருக்கிறோம், விளக்கத் தேவையில்லை. ஒரு மனிதனின் கால் எப்படித் தளர்ந்தது, அவனுடைய மூலையில் இருந்தவர் சண்டையை நிறுத்தச் சொல்லி ஏன் துவாயை எறியாமல் தயங்கினார் என்று நின்று நிதானமாக எழுதுகிறவரை வாசிக்கும்போது, அடிக்கிறவனுக்காகக் கைதட்டத் தோன்றுவதில்லை. எனக்குத் தோன்றுவதில்லை என்று சொல்வதுதான் சரி. அந்த அம்மா இந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டினார், ஆனால் குத்துச்சண்டை வாசிக்கும் நாளில் மட்டும் வருவதில்லை. அவர் செய்வதும் நியாயமே.

இதையெல்லாம் யார் தொடக்கி வைத்தது? முதலில் எதை வாசிக்கலாம்?

ஆங்கிலத்தில் பியர்ஸ் ஈகன் என்ற இலண்டன் பத்திரிகையாளர் 1810களில் வெறுங்கைச் சண்டைகளைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். ஆனால் முதலில் வாசிக்க நான் சொல்வது வில்லியம் ஹாஸ்லிட் 1822இல் எழுதிய சண்டைக் கட்டுரை. 1821 டிசெம்பரில் ஹங்கர்ஃபோர்ட் என்ற ஊர்ப்பக்கத்தில் பில் நீட், டொம் ஹிக்மன் என்ற இருவர் மோதியதைப் பற்றியது. கட்டுரையில் பாதிக்கு மேல் சண்டையே இல்லை! குதிரை வண்டியைத் தவறவிட்டது, வழியில் கிடைத்த சிநேகிதம், சத்திரத்தில் இடமில்லாமல் விடிய விடியக் கதைத்தது என்று போகும். மட்ச் பார்க்கப் போகிற வழிதான் பாதி மட்ச் என்று தெரிந்தவர் எழுதியது. பிறகு சண்டை வரும்போது, இரத்தம் வழியும் ஹிக்மனின் முகத்தைப் பற்றிய சில வரிகள் உங்களைத் தூங்க விடாது. முடிந்ததும் புறாக்களைப் பறக்கவிடுகிறார்கள், ஒன்று நீட்டின் மனைவிக்கு வெற்றிச் செய்தியைக் கொண்டு போகிறது. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

கோதாவுக்குப் பக்கத்தில் நின்று எழுதிய மாதிரியான எழுத்து வேண்டும் என்றால் புறநானூற்றுக்குப் போங்கள். அங்கே நடப்பது மற்போர், குத்துச்சண்டை இல்லை. ஆனால் பார்க்கிற கண் அதே கண்தான்.

80ஆம் பாட்டு, பாடியவர் சாத்தந்தையார். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் ஆமூர் மல்லனோடு பொருதுகிறான். மொத்தம் ஒன்பது வரி. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறான். மற்றக் கால், மல்லன் போட வரும் பிடியைத் தடுத்து அவன் முதுகுப் பக்கம் வளைத்திருக்கிறது. பசித்த யானை மூங்கிலை முறிப்பது போலத் தலையும் காலும் ஒடிய மோதுகிறான். எந்தக் கால் எங்கே என்று சொன்ன பிறகுதான் யானை வருகிறது, கவனியுங்கள். நடுவில் ஒரு விஷயம் செய்கிறார். கிள்ளியின் தகப்பன் தித்தன், மகனோடு மனஸ்தாபம். அவனுக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, தித்தன் இதை வந்து பார்க்கட்டும் என்கிறார் புலவர். களத்திலேயே இல்லாத ஒருவனை உள்ளே இழுத்துவிட்டதும் இரண்டு பேர் சண்டை மூன்று பேர் கதையாகிவிடுகிறது. இன்றைக்கும் குத்துச்சண்டை எழுதுகிறவர்கள் வீரரின் தகப்பனைத் தேடிப் போவார்கள்.

85ஆம் பாட்டு இன்னும் எனக்குப் பிடித்தது. நக்கண்ணையார் என்ற பெண்புலவர், அதே கிள்ளி மேல் ஆசை வைத்தவர். அவனுக்கு இது சொந்த ஊரும் இல்லை, சொந்த நாடும் இல்லை, ஆகவே கூட்டத்தில் ஒரு பகுதியார் வெற்றி அவனுக்குத்தான் என்கிறார்கள், இன்னொரு பகுதியார் இல்லை என்கிறார்கள். இவர் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டில் நிற்கும் பனையோடு ஒட்டி நின்று, அவன் வெல்வதைப் பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான் பாட்டு. ஒரு பிடியும் இல்லை, ஒரு அடியும் இல்லை. வெளியூர்க்காரனைப் பற்றி இரண்டுபட்ட கூட்டத்தின் இரைச்சலும், மரத்தோடு ஒட்டி நிற்கும் ஒருத்தியும் மட்டும். பனையோடு சாய்ந்து நின்று மட்ச் பார்த்துப் பழகிய எங்களுக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை.

பெண்கள் இதைப் பற்றி எழுதுவதில்லையே?

மேலே உள்ளதை இன்னொரு தரம் வாசியுங்கள். அமெரிக்காவில் ஜொய்ஸ் கரோல் ஓட்ஸ் 1987இல் குத்துச்சண்டை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார், சிறுவயதில் தகப்பனோடு போட்டிகள் பார்க்கப் போனவர். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்குக்குள் வந்தது 2012 இலண்டனில்தான், எழுத இன்னும் நிறைய இருக்கிறது.

நல்ல வர்ணனையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேப்பரில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: ‘விறுவிறுப்பான இறுதிப் போட்டியில் அபாரமாக ஆடி எதிரணியைத் திணறடித்து வெற்றிக்கனியைப் பறித்தது.’ இந்த வாக்கியத்தை எந்த அணிக்கும் எந்த வருடத்துக்கும் போடலாம். வலைப்பந்தாட்டத்துக்கும் போடலாம், கயிறிழுத்தலுக்கும் போடலாம்.

இப்போது, நானே எழுதிப் பார்த்த ஒன்று: ‘ஐந்தாவது பெனால்டியை அடிக்க வந்தவர் பந்தை வைத்தார், எடுத்தார், துடைத்தார், திரும்பவும் வைத்தார். கோல் காப்பவர் பந்தைப் பார்க்கவில்லை. அடிக்க வந்தவரின் இடது பாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.’ பெரிய இலக்கியம் இல்லைதான். ஆனால் இது ஒரு நாளில் ஒரு மைதானத்தில் மட்டும் நடந்தது, அடுத்த வரியையும் வாசிப்பீர்கள்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது. இடி, மின்னல், சிங்கம், வேங்கை, எரிமலை எல்லாம் ஒரே பந்தியில் வரும். வாசிக்கும்போது சூடாக இருக்கும். வாசித்து முடித்ததும் யார் எந்தக் கையால் குத்தினார் என்று கேட்டால் பதில் இராது. ஆங்கிலத்திலும் இந்தச் சரக்குத் தாராளமாகக் கிடைக்கிறது, எங்களுக்கு மட்டும் சொந்தமான வியாதி என்று கவலைப்பட வேண்டாம்.

என் ஆங்கிலம் அவ்வளவு போதாது. என்ன செய்யலாம்?

கோயிலில் புராணபடனம் நடப்பது போலச் செய்யுங்கள்: ஒருவர் வாசிக்க, ஒருவர் பயன் சொல்லட்டும். நாங்களும் அப்படித்தான். பந்தி பந்தியாக நிறுத்தி, அந்த இடத்தில் எழும்பி நின்று கையைக் காலை வைத்துப் பார்ப்பதும் உண்டு. சாத்தந்தையாரின் அந்த மார்புக்காலும் முதுகுக்காலும் எங்களுக்கு அப்படித்தான் விளங்கியது, இரண்டு பெடியள் நிலத்தில் கிடந்து காட்டினார்கள். ஜப், ஹூக், அப்பர்கட் போன்ற குத்துகளின் பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் தமிழ்ச் சொல் தேடப் போனால் சண்டை முடிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் போட்டிகளை நானும் இப்படி எழுதலாமா?

எழுதுங்கள். ஒலிபெருக்கிக்குக் கிட்ட மட்டும் நிற்காதீர்கள், அறிவிப்பாளரின் உற்சாகம் உங்கள் பேனாவுக்குள் இறங்கிவிடும். கோல் கம்பத்துக்குப் பின்னால், அல்லது மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்குப் பக்கம் நில்லுங்கள். முதல் பாதி முடிந்த இடைவேளையில் தேசிக்காய்த் தண்ணி குடிக்கப் போகாமல், தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். யார் யாரோடு கதைக்கவில்லை என்று பாருங்கள். கோல் எண்ணிக்கையையும் பெயர்களையும் சரியாக எழுதுங்கள், அதில் பிழை விட்டால் மிச்சம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் ஊர் மன்னிக்காது.

பேப்பரில் போடுவார்களா?

விளையாட்டுப் பக்கத்தில் இடம் குறைவு, படத்தோடு நாலு வரிக்கு மேல் கேட்க மாட்டார்கள். நாலு வரியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு முழுக் கட்டுரையை வாசிகசாலைக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு பின்னேரம், நாலரைக்குப் பிறகு.